ஒச்சாயி-ஒன்று

குடுவையின் கழுத்து கிழக்கே பார்த்திருந்தது. முந்தின நாள் சாயங்காலம் பிலோமினாள் அதை மேற்கே பார்க்க வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். மறதியில் நடந்த காரியமில்லை. யாராவது தொடுகிறார்களா என்று கண்டுபிடிக்க வேண்டுமென்றே வைத்தது. தொட்டுவிட்டார்கள்.

யார் என்று யோசிக்க அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. விருமாண்டி. வேறு யாருக்கு இந்த வேலை!

திருப்பரங்குன்றம் ரோட்டில் ஒரு டிரஸ்ட் நடத்திவந்த அந்தச் சின்ன ஆராய்ச்சிக்கூடத்தில், செல் வளர்க்கிற அறைக்கு இரண்டு சாவி. ஒன்று பிலோமினாளின் இடுப்பில் இருக்கும். மற்றது டைரக்டர் ஆரோக்கியநாதனிடம் இருந்தது. பம்பாயில் படித்துவிட்டு விருமாண்டி வேலைக்கு வந்து சேர்ந்ததும் டைரக்டர் அதைத் தூக்கி அவன் கையில் கொடுத்துவிட்டார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்குப் பிடித்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

அந்த அறையில் முக்கியமான சாமான் இன்குபேட்டர். எப்போதும் உடம்புச் சூட்டிலேயே இருக்கிற ஓர் இரும்புப் பெட்டி. உள்ளே தட்டையான கண்ணாடிக் குடுவைகள். குடுவைக்குள் ரோஸ் நிறத்தில் மீடியம் என்கிற சத்துத் தண்ணீர். அதற்கடியில், கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, வெறும் கண்ணுக்குத் தெரியாமல் வளர்கிற செல்கள். ஒவ்வொரு குடுவையிலும் பிலோமினாள் தன் முத்து முத்தான கையெழுத்தில் ‘ஒச்சாயி-1’ என்று எழுதி ஒட்டியிருந்தாள்.

ஒச்சாயி டி. கல்லுப்பட்டிப் பக்கத்து மனுஷி. வெற்றிலையையும் புகையிலையையும் ஒரே கன்னத்தில் ஒதுக்கி ஒதுக்கி, அந்தக் கன்னத்திலேயே புற்று வந்தது. எழுபத்தெட்டாம் வருஷம் பெரியாஸ்பத்திரியில் அறுத்தெடுத்த கட்டியில் ஒரு துணுக்கைக் கேட்டு வாங்கி, ஐஸ் போட்ட டப்பாவில் வைத்து, டவுன் பஸ்ஸில் மடியில் இடுக்கிக்கொண்டு வந்தாள் பிலோமினாள். அதற்கு முன்னால் அவள் கொண்டுவந்த துணுக்குகளெல்லாம் சொல்லிவைத்தாற்போலச் செத்துப்போயிருந்தன. இது மட்டும் பிழைத்தது. ஒச்சாயி அந்தப் பங்குனியிலேயே கண்ணை மூடிவிட்டாள். அவளுடைய செல்களோ எண்பத்து நாலிலும் குடுவை குடுவையாகப் பெருகிக்கொண்டிருந்தன. பெருமை இருக்காதா? தலைகொள்ளாத பெருமை இருந்தது.

பிலோமினாள் ஆராய்ந்தது அந்தச் செல்களின் நடையை. ஆமாம், செல் நடக்கும். கால் கிடையாது, ஆனாலும் நடக்கும். முன்பக்கம் மெல்லிய விளிம்பை நீட்டும். உள்ளே ஆக்டின் என்கிற புரத இழைகள் சரசரவென்று வளர்ந்து அந்த விளிம்பை முன்னே தள்ளும். நீட்டிய இடத்தில் ஒட்டிக்கொண்டு, பின்பக்கத்தைப் பிய்த்து இழுத்துக்கொள்ளும். சேற்று வயலில் நடவுக்கு இறங்கியவர்கள் காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைப்பது மாதிரி. நல்ல செல் இன்னொரு செல்லை முட்டினால் மரியாதையாக நின்றுவிடும். புற்றுச் செல் நிற்காது, மேலே ஏறிப் போகும். கன்னத்தில் பிறந்தது கழுத்துக்கும் நெஞ்சுக்கும் போய்ச் சேர்வது அப்படி நடந்துதான். ஒரே இடத்தில் கிடக்கிற கட்டியை அறுத்து எறிந்துவிடலாம். நடந்துபோனதை எங்கே போய்த் தேடுவது?

அவள் கண்டது இது: ஒச்சாயியின் செல்களின் மேலே ஃபைப்ரோநெக்டின் என்கிற பசைப் புரதம் இல்லை. ரத்தத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்து மீடியத்தில் கலந்து கொடுத்தால், தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்த செல்கள் தரையைக் கவ்விப் பிடித்து நிதானப்படுகின்றன. வெற்றிலை போடுகிற நம் ஊர்ப் பெண்களின் வாய்ப்புற்றைப் பற்றி, நம் ஊர்ப் பெண்ணின் செல்லிலேயே செய்த ஆய்வு. தீசிஸ் கொடுத்தாகிவிட்டது. அடுத்த மாதம் வெளியூரிலிருந்து பரீட்சகர் வருகிறார். அவர் தலையை ஆட்டினால் பிலோமினாள், டாக்டர் பிலோமினாள். ஆட்டாவிட்டால் முப்பத்து நாலு வயதில், கல்யாணத்தையும் தள்ளிப்போட்டுச் செய்த வேலை அத்தனையும் குப்பை. அந்தச் செல்கள் ஒச்சாயியுடையவை என்பதில்தான் எல்லாமே நின்றது.

இந்த நேரத்தில் ஒருவன் வந்து குடுவையைத் திருப்பி வைத்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

விருமாண்டி உசிலம்பட்டிப் பக்கம். ஆள் ஆறடி, மீசை வேறு, ஆனால் பேச்சு மட்டும் பஞ்சு. அந்தப் பஞ்சுதான் அவளுக்கு ஆகவில்லை. நேராக மோதுகிறவனைச் சமாளித்துவிடலாம். வந்த முதல் வாரமே மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவன் லேசில் எடுக்கவில்லை.

“மேடம், ஒண்ணு கேக்கலாமா?”

“கேளுங்க.”

“வாய்ப்புத்துச் செல்லை நான் பம்பாயில பாத்திருக்கேன். ஒண்ணையொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டுக் கும்பலாத்தான் நகரும். இது என்னமோ ஒத்தை ஒத்தையா ஓடுது. அதுவும் இம்புட்டு வேகமா.”

“அதானே சார் என் தீசிஸே.”

“அது சரி. மொதமொத இதை எப்படி மேடம் பிடிக்க வச்சீங்க? மத்ததெல்லாம் செத்துப்போச்சுன்னு டைரக்டர் சொன்னாரு.”

வந்துவிட்டானா விஷயத்துக்கு! “கைராசிதான் சார்” என்று சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

கைராசி ஒன்றுமில்லை. ஒரு சூட்சுமம் இருந்தது. அதை அவள் யாருக்கும் சொன்னதில்லை, தீசிஸிலும் எழுதியதில்லை. எழுதாததற்குக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், செல் நன்றாக ஒட்டும்படி கண்ணாடியைச் சுத்தம் செய்ய அவள் ஒரு முறை கண்டுபிடித்தாள். வெள்ளந்தியாக மூத்தவர் ஒருவரிடம் சொன்னாள். அவர் தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, அதைத் தன் பெயரில் கட்டுரையாகப் போட்டுவிட்டு வடக்கே வேலைக்குப் போய்விட்டார். கேட்க நாதியில்லை. அன்றோடு பிலோமினாள் கற்றுக்கொண்ட பாடம், கைப்பக்குவத்தைக் கையோடு வைத்துக்கொள்வது.

அப்புறம் அவன் ஒரு குடுவை கேட்டான். “எல்லாம் சோதனையில இருக்கு, மிச்சமில்ல” என்றாள். இரண்டு நாள் கழித்து டைரக்டர் மூலமாகக் கேட்டான். “கிருமி விழுந்திருச்சு சார்” என்று கூசாமல் பொய் சொன்னாள். அதற்குப் பிறகுதான் குடுவை தானாகத் திரும்பிக்கொண்டது. பொறுக்க முடியாமல் மத்தியானச் சாப்பாட்டையும் அந்த அறைக்கு வெளியில் ஸ்டூல் போட்டுக்கொண்டே சாப்பிட ஆரம்பித்தாள். புளிச்சோற்றை வாயில் வைத்துக்கொண்டு கதவைப் பார்த்தபடி இருக்கும் அவளைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். பறிகொடுத்தவளுக்குத்தானே வலி தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து, வெங்காயம் வாங்குகிற சாக்கில் பரவைச் சந்தைக்குப் போனாள். ஒச்சாயியின் மகள் அன்னக்கொடியை அங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். சந்தையில் காய் விற்பாள். அவளைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும்.

ஒச்சாயி செத்த அடுத்த பங்குனியில் அன்னக்கொடி ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்து நின்றாள். “எங்க ஆத்தாளுது என்னமோ இங்க உசிரோட இருக்காமே, டாக்டரம்மா. பாக்கலாமா?” என்று கேட்டாள். யாரும் அதுவரை பிலோமினாளை டாக்டரம்மா என்று கூப்பிட்டதில்லை. மைக்ராஸ்கோப்பைக் காட்டி, “இந்தா, இதான் உங்க ஆத்தா” என்றாள். அன்னக்கொடி ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு முந்தானையில் முடிந்திருந்த வெற்றிலையையும் புகையிலையையும் எடுத்து மைக்ராஸ்கோப்பின் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டாள். அன்று முதல் வருஷா வருஷம் பங்குனியில் வருவாள், பார்ப்பாள், வைப்பாள், போவாள். அவளுக்கு அதுதான் திதி. ஆளைக் கொன்ற புகையிலையையே கொண்டுவந்து வைக்கிறாளே என்று பிலோமினாளுக்கு முதலில் திக்கென்றிருந்தது. தன் வேதத்துக்கு ஒவ்வாத காரியம் என்ற உறுத்தலும் இருந்தது. ஆனால் தடுக்கவில்லை. உள்ளபடி சொன்னால், அந்த வருகைக்காக அவள் காத்திருப்பாள். கட்டுரைக்குக் கிடைத்த பாராட்டையெல்லாம் விட அது இனித்தது.

சந்தையில் அன்னக்கொடி முகம் மலர்ந்து வெங்காயத்தைப் பொறுக்கிப் போட்டாள். “நல்லா இருக்கீகளா டாக்டரம்மா? நம்ம ஆபீசுத் தம்பியும் வந்துட்டுப் போச்சே.”

“எந்தத் தம்பி?”

“மீசை வச்ச தம்பி. எங்க ஊரு ஆளுக மாதிரிப் பேசுச்சு. ஆத்தாளுக்கு வந்த நோவு எனக்கும் வருமான்னு பாக்கவா வந்தீகன்னு கேட்டேன், அதுக்கில்லக்கா, வேற ஒரு சோதனைக்குன்னுச்சு. விரல்ல குத்தி ரத்தம் எடுத்துட்டுப் போச்சு. உங்களுக்குத் தெரியாதா?”

பிலோமினாளுக்குக் காது அடைத்தது. குடுவை போதாதென்று இவளையும் வளைக்கிறான். மகள் கையெழுத்தை வாங்கி, செல்லைத் தன் பெயரில் எழுதிக்கொள்ளப் பார்க்கிறானா? பம்பாய்க்குக் கடத்தப்போகிறானா? பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் மனசு என்னென்னவோ கணக்குப் போட்டது. வெங்காயப் பையைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் டைரக்டர் அறைக்குள் போனதும் போகாததுமாக ஆரம்பித்தாள்.

“சார், நான் இல்லாதப்ப இவரு என் குடுவையில கை வச்சிருக்காரு. பரவைக்குப் போயி அந்தப் பொம்பளைகிட்ட ரத்தம் எடுத்திருக்காரு. இது திருட்டா இல்லையா, நீங்களே சொல்லுங்க.”

ஆரோக்கியநாதன் நல்ல மனுஷர்தான். சண்டை என்றால் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். துடைத்தார். விருமாண்டி மறுக்கவில்லை. “எடுத்தேன் மேடம். கேட்டேன், நீங்க குடுக்கல. அதான் ஒரு குடுவையிலருந்து கொஞ்சம் எடுத்தேன். தப்புதான்” என்றான். கையிலிருந்த, கூழ் உறைந்த மாதிரியான ஜெல் தகட்டை மேஜையில் வைத்தான். ஊதா நிறத்தில் கோடுகள் தெரிந்தன.

“இது என்ன?”

“உடம்புல எல்லாச் செல்லுலயும் இருக்கிற ஒரு நொதி மேடம். மின்சாரம் பாய்ச்சுன ஜெல்லுல ஓடவிட்டா, இதுல ஒரு ரகம் வேகமா ஓடும், ஒரு ரகம் மெதுவா ஓடும். நம்ம சனத்துக்கிட்ட இருக்கிறது மெதுவா ஓடுற ரகம். இந்தா, அன்னக்கொடி ரத்தம், மெதுவா ஓடியிருக்கு. இது உங்க ஒச்சாயி செல்லு. பாருங்க, எம்புட்டு முன்னால போயிருச்சுன்னு.”

“அதனால?”

“வேகமா ஓடுறது ஆப்பிரிக்க வம்சத்துக்காரங்க சிலர்கிட்டத்தான் இருக்கும். கல்லுப்பட்டிக்காரிக்கு எப்படி மேடம் வந்துச்சு?”

பிலோமினாளுக்கு முதலில் தோன்றியது, ஜெல்லில் வேறு எதையோ மாற்றி ஓட்டியிருக்கிறான் என்பதுதான். அதை வாய்விட்டே சொன்னாள். “நீங்க என் செல்லைத்தான் ஓட்டுனீங்கன்னு என்ன அத்தாட்சி? ஹீலாவை எடுத்து ஓட்டிட்டு ஒச்சாயின்னு சொன்னா நான் நம்பணுமா?”

ஹீலா என்பது உலகம் முழுக்கப் பரவின செல். அமெரிக்காவில் கர்ப்பப்பைப் புற்றில் இறந்துபோன ஒரு கறுப்பினப் பெண்ணின் கட்டியிலிருந்து எடுத்தது. எங்கே போட்டாலும் களை மாதிரி வளரும். அதனாலேயே பழகுகிறவர்கள் கையில் முதலில் கொடுப்பது அதைத்தான். இந்த ஆராய்ச்சிக்கூடத்திலும் ஆரம்பத்திலிருந்தே ஒரு குடுவை உண்டு. விருமாண்டி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

“ஹீலாவும் ஓட்டிப் பாத்தேன் மேடம். ரெண்டும் ஒரே இடத்துலதான் நிக்குது. நான் சொல்லாமயே நீங்க அந்தப் பேரைச் சொல்றீங்க.”

“என்ன சொல்ல வாரீங்க? நான் ஹீலாவுக்கு ஒச்சாயின்னு பேர் ஒட்டி ஊரை ஏமாத்துறேன்னா?”

“சே, அப்படிச் சொல்லல மேடம்.”

“வேற எப்படிச் சொல்றீங்க!”

டைரக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வழி சொன்னார். பெரியாஸ்பத்திரியிலிருந்து புதுத் துணுக்கு ஒன்று வரவழைக்கலாம். ஒச்சாயியை வளர்த்த அதே முறையில், விருமாண்டி பக்கத்திலிருந்து பார்க்க, பிலோமினாள் அதை வளர்த்துக் காட்டட்டும். புதுசும் அப்படியே பிழைத்து ஓடினால் அவள் கைவேலை உண்மை. விருமாண்டி மன்னிப்புக் கேட்கவேண்டும்.

பிலோமினாள் சம்மதித்தாள். சூட்சுமத்தை அவன் கண்ணெதிரில் அவிழ்க்க அவளுக்கு மனசே இல்லை. ஆனால் அவன் பார்வையிலிருந்த அந்த ‘ஒரு மாதிரி’யைத் துடைத்தெறிய வேறு வழியில்லை. சந்தேகப்படுவது அவளுக்குக் கைவந்த கலை. சந்தேகிக்கப்படுவது இதுதான் முதல்முறை.

அந்த வாரமே துணுக்கு வந்தது. கத்தரித்தாள், கழுவினாள், குடுவையில் பரப்பினாள், மீடியம் ஊற்றினாள். விருமாண்டி கைகட்டிக்கொண்டு நின்றான். அவன் கை எங்கே இருக்கிறது என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேதான் அவள் வேலை செய்தாள். சில நாளில் துணுக்கின் ஓரத்திலிருந்து செல்கள் எட்டிப்பார்த்தன. பாய் விரித்த மாதிரி, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, கும்பலாக நகர்ந்தன. அவன் சொன்ன அதே நடை. பிலோமினாளுக்கு அது பிடிக்கவில்லை. பிறகு எல்லாம் சுணங்கி நின்றன. விளிம்பு சுருங்கியது, உள்ளே புள்ளி புள்ளியாக வந்தது. சாகப்போகிற செல்லின் முகக்களை அவளுக்குத் தெரியும்.

“ஒச்சாயிக்கும் இப்படித்தான் ஆச்சு” என்றாள். “எல்லாத்துக்கும் இந்த இடத்துலதான் சீக்கு வரும். இனிமேதான் என் வேலை.”

இன்குபேட்டரின் கீழ்த்தட்டிலிருந்து ஹீலா குடுவையை எடுத்தாள். அடர்த்தியாக வளர்ந்து, மீடியம் மஞ்சளித்துப் போயிருந்தது. மூடியைத் தீயில் காட்டித் திறந்து, மேலாகத் தெளிந்திருந்த அந்தப் பழைய மீடியத்தைப் பிப்பெட் குழாயில் உறிஞ்சினாள். சுணங்கிக் கிடந்த புதுச் செல்களின் மேல் விடப்போனாள்.

“மேடம், இருங்க. இது என்ன?”

“உறை.” கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். “பாலு தானாத் தயிராகுமா? பக்கத்து வீட்டுல ஒரு கரண்டி உறைமோர் வாங்கி ஊத்துறோமில்ல? அந்த மாதிரி. நல்லா வளர்ற செல்லு, தனக்கு வேண்டிய சத்தெல்லாம் மீடியத்துல கசிய விட்டிருக்கும். அதைக் கொஞ்சம் குடுத்தா நோஞ்சானும் எந்திரிச்சிரும். ஒச்சாயிய அப்படித்தான் எழுப்புனேன். மறுவாரமே பிச்சுக்கிட்டு ஓட ஆரம்பிச்சிருச்சு.”

“அது ஹீலா, மேடம்.”

“தெரியும். செல்லை எடுக்கலியே, தெளிஞ்ச தண்ணியத்தானே எடுக்கேன்.”

“வடிகட்டுனீங்களா?”

“உறையை எவளாவது வடிகட்டுவாளா?”

சொல்லி முடிக்கும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது. விருமாண்டி அவள் கையிலிருந்த பிப்பெட்டை மெதுவாக வாங்கி, ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் விட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்து, அவள் பார்க்கட்டும் என்று நகர்ந்துகொண்டான்.

பார்த்தாள். தெளிந்த தண்ணீரில் உருண்டை உருண்டையாக, பளபளவென்று, கொஞ்சமே கொஞ்சம் செல்கள் மிதந்தன. உயிரோடு மிதந்தன. ஹீலாவுக்கு அதில் ஒன்று போதும். செத்துக்கொண்டிருந்த ஒச்சாயியின் மேல் அவளே தன் கையால் அதை ஊற்றியிருக்கிறாள். ஒச்சாயி அடங்கிப்போன இடத்தில் வேறொருத்தி குடியேறி, அவள் பெயரை ஒட்டிக்கொண்டு இத்தனை வருஷம் நடந்திருக்கிறாள். இந்த உறை விஷயத்தை யாரிடமாவது ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லியிருந்தால், முதல் வாரத்திலேயே எவராவது தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். திருடிவிடுவார்கள் என்று பொத்திப் பொத்தி வைத்தாள். பொத்தி வைத்தது இதைத்தான்.

பிலோமினாள் அழுதாள். விருமாண்டி முன்னால் அழுகிறோமே என்ற வெட்கம்கூட வரவில்லை.

ஆரோக்கியநாதன் விஷயத்தைக் கேட்டுவிட்டு மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார். “பரீட்சகர் வந்துட்டுப் போகட்டும்மா. அப்புறமா மெதுவாப் பாத்துக்கலாம். நம்ம மூணு பேரைத் தவிர யாருக்குத் தெரியும்?” என்றார். விருமாண்டியும், “நான் வெளிய மூச்சு விடமாட்டேன் மேடம். நீங்க நினைச்சபடி செய்யுங்க” என்றான். அந்தக் கருணையிலும் ஏதாவது உள்நோக்கம் இருக்குமோ என்று ஒரு கணம் மனசு மோப்பம் பிடித்தது. பிடித்துப் பார்த்துவிட்டு, அதன்மேல் அவளுக்கே வெறுப்பு வந்தது. போதும். மறைத்து மறைத்துத்தான் இந்தக் கதி. தீசிஸைத் திருப்பி வாங்கிக்கொள்வதாக மறுநாள் அவளே பல்கலைக்கழகத்தில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். நெஞ்சு லேசாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டால் மிச்சம் தானாகச் சரியாகும் என்று நம்பினாள். முப்பத்து நாலு வயதுக்கு அது கொஞ்சம் அதிகப்படியான நம்பிக்கைதான்.

பங்குனி பிறந்து அன்னக்கொடி வந்தாள்.

“அந்தம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க மேடம்” என்று விருமாண்டி முன்கூட்டியே சொல்லியிருந்தான். “எப்பவும் போலக் காட்டி அனுப்பிருங்க. பாவம், அதுக்கு என்ன தெரியப்போகுது.” பிலோமினாள் கேட்கவில்லை. யாருக்கு என்ன தெரியலாம் என்று நாம் தீர்மானித்ததெல்லாம் போதும் என்று சொல்லிவிட்டாள்.

அன்னக்கொடி எண்ணெய் வைத்துச் சீவி, புதுச்சேலை கட்டி வந்திருந்தாள். உள்ளே நுழைந்ததும் நேராக மைக்ராஸ்கோப்புக்குப் போனாள். அவளுக்கு இப்போது கண்ணை எப்படி வைப்பது என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கீழே குடுவை இருந்தது. பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“என்னா ஓட்டம் ஓடுறா பாருங்க. எங்க ஆத்தா எப்பவும் இப்படித்தான். ஒரு எடத்துல குண்டி தரிக்க மாட்டா.”

“அக்கா, உக்காருங்க. ஒண்ணு சொல்லணும்.” பிலோமினாள் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். “இது உங்க ஆத்தா இல்ல.”

“என்னது?”

“இது வேற ஒரு பொம்பளையோட செல்லு. தப்பு நடந்துபோச்சு. நான்தான் செஞ்சேன். தெரியாமச் செஞ்சேன்.”

அன்னக்கொடி மைக்ராஸ்கோப்பையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்ப எங்க ஆத்தா எங்க?”

“செத்துப்போச்சுக்கா. அப்பவே. இங்க வந்த மொத மாசமே.”

“அப்ப இத்தனை வருசமா நான் யாருக்கு வெத்தலை வச்சேன்?”

பிலோமினாள் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். உறையைச் சொன்னாள். மிதந்த செல்லைச் சொன்னாள். நாமெல்லாம் சின்னப்பிள்ளையாக இருக்கையில் அமெரிக்காவில் செத்துப்போன அந்தக் கறுப்பினப் பெண்ணைச் சொன்னாள். சொல்லச் சொல்ல, தன் காதுக்கே அது கட்டுக்கதை மாதிரி கேட்டது. அன்னக்கொடியின் முகத்தில் முதலில் இருந்த திகைப்பு போய், வேறொன்று வந்து உட்கார்ந்தது. கண் இடுங்கி, உதடு ஒட்டிக்கொண்டு. அந்த முகம் பிலோமினாளுக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் பார்த்த முகம்.

“அமெரிக்காக்காரி மதுரைக்கு எதுக்கு வாரா?” என்று கேட்டாள் அன்னக்கொடி, சன்னமான குரலில்.

“அதான் சொன்னேனேக்கா…”

“அந்தத் தம்பி விரல்ல குத்துறப்பவே நினைச்சேன். என்னமோ நடக்குதுன்னு. அன்னிக்குச் சந்தையில நான் சொன்னதும் உங்க மூஞ்சி செத்துப்போச்சு, நான் பாக்கலேன்னு நினைச்சீகளா? எங்க ஆத்தாள அமெரிக்காவுக்குக் குடுத்துட்டு, அவுக ஆளைக் கொண்டாந்து இங்க வச்சிருக்கீக. அம்புட்டுத்தான.”

“ஐயோ இல்லக்கா. மாதா மேல சத்தியமாச் சொல்றேன்.”

“‘இந்தா, இதான் உங்க ஆத்தா’ன்னு வருசா வருசம் காட்டுனதும் இதே வாய்தான?”

அன்னக்கொடி எழுந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்க்கவில்லை, இன்னும் ஒருமுறை இழுத்து இறுக்கிக்கொண்டாள்.

“நான் படிக்காதவதான். அதுக்காக எங்க ஆத்தாளத் தெரியாமப் போயிருமா? நாளைக்கு எங்க வீட்டுக்காரரையும் கொழுந்தனையும் கூட்டிட்டு வாரேன். அதுக்குள்ள அவள எங்கருந்து வாங்கணுமோ வாங்கி, எடுத்து வைங்க.”

படியிறங்கிப் போய்விட்டாள். பிலோமினாள் அங்கேயே நின்றாள். நாளைக்குச் சொல்வதற்கும் அவளிடம் உண்மை ஒன்றுதான் இருந்தது. அதை இன்றைக்கே சொல்லியாகிவிட்டது.